மன்னர்களின் கல்லறைக்குத் துடக்கில்லை

சென்ற மாதம் ஆரணி எனக்குப் போன் எடுத்தாள். நான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த பயண நிறுவனத்தை இப்போது நடத்துபவள் அவள்தான். என் பழைய முதலாளியின் மகள்.

"அங்கிள், உங்கட குரல் எங்களுக்கு வேணும்," என்றாள்.

விஷயம் இதுதான். ரஷ்யா பக்கத்து நாட்டோடு போர் தொடங்கியதிலிருந்து அங்கே போகும் எங்கள் பயணங்கள் நின்றுவிட்டன. அதனால் லண்டன் லூயிஷாமில் ஒரு மண்டபத்தை எடுத்து, கண்ணில் ஒரு கருவியை மாட்டிவிட்டு, ஆட்களைக் கதிரையில் இருந்தபடியே சென்ட் பீட்டர்ஸ்பர்க்கைச் சுற்றிப் பார்க்கவைக்கப் போகிறார்களாம். படங்கள் தயார். தமிழில் விளக்கம் சொல்ல ஒரு ஆள்தான் வேண்டும்.

"உங்களை மாதிரி ஒருத்தராலையும் சொல்லேலாது அங்கிள்."

பொய் சொல்லமாட்டேன், மனம் குளிர்ந்துதான் போனது. ஓய்வு பெற்றபின் நோர்பரி வீட்டில் என் விளக்கத்தைக் கேட்க மனைவியைத் தவிர வேறு யாரும் இல்லை. அவளும் பாதியில் எழுந்து குசினிக்குள் போய்விடுவாள்.

மறுநாள் நான் வாசிக்கவேண்டிய தாள்கள் வந்தன. பன்னிரண்டு நிறுத்தங்கள். முதலாவது, ஆற்றுக்கு நடுவே உள்ள கோட்டையும் அதற்குள் இருக்கும் தேவாலயமும். ரஷ்யாவின் பேரரசர்களை அடக்கம் செய்த இடம் அது. தாளில் இப்படி எழுதியிருந்தது: "மன்னர்களின் கல்லறைகளுக்கு நடுவே நின்று குடும்பத்தோடு ஒரு நினைவுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்."

தாள்களைத் தூக்கி மேசையில் அடித்தேன். தேநீர்க் கோப்பை கவிழ்ந்தது.

"என்னப்பா இது? பிரஷர் ஏறப்போகுது," என்று மனைவி துணியோடு ஓடிவந்தாள்.

ஏறட்டும். அந்தக் கல்லறைகளுக்கு நடுவே நானே என் கையால் பிடித்த ஒரு போட்டோ இருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஏன் என்று ஆரணிக்குத் தெரியாது. அப்போது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வழிகாட்டியாவதற்குப் படித்தவன் இல்லை. புலமைப்பரிசில் கிடைத்து அந்த நகரத்தில் இயந்திரப் பொறியியல் படித்தேன். அந்த நகரத்துக்கு அப்போது வேறு பெயர். ஆறு வருடத்தில் ரஷ்ய மொழியும், மூன்று சோடிக் காலுறை போடும் பழக்கமும் வந்தன. பிறகு லண்டன். என் பட்டத்தை இங்கே ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட், பிறகு மினிகாப். அந்தக் காரில் ஒருநாள் ஏறிய பரம் அண்ணை, ஆரணியின் அப்பா, நான் போனில் பழைய வகுப்புத் தோழனோடு ரஷ்ய மொழியில் கதைப்பதைக் கேட்டு, இறங்கும்போது வேலை தந்தார். இவ்வளவுதான் என் பயிற்சி.

பரம் அண்ணையைப் பற்றி நிதானமாகச் சொல்லவேண்டும். நோர்பரியில் ஒரு சேலைக் கடைக்கு மேலே அவருடைய பயணக் கந்தோர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஏசுவதற்கு முன் "சாப்பிட்டியளோ?" என்று கேட்பார். கேட்டுக்கொண்டே மேசையில் உள்ள தாள்களின் ஓரங்களைத் தட்டித் தட்டி நேராக்குவார். அந்தத் தாள்கள் நேராகிவிட்டால் யாருக்கோ ஆப்பு என்று அர்த்தம். எதற்கும் முடியாது என்று சொல்லவேமாட்டார். "எல்லாரும் ஓமெண்டா எனக்கென்ன?" என்பார். அந்த 'எல்லாரும்' ஒருநாளும் ஓமென்று சொல்லமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஊரெல்லாம் அவரைத் தங்கமான மனிதர் என்றது. நானும் கனகாலம் அப்படித்தான் நம்பினேன்.

எங்கள் பயணம் ஹெல்சிங்கியிலிருந்து கப்பலில் போகும். கப்பலில் வருகிறவர்களுக்கு அப்போது விசா தேவையில்லை. மூன்று நாள் நகரத்தில் இருக்கலாம். ஆனால் குழுவாக வந்து குழுவாகப் போகவேண்டும். யாரும் தனியே திரியக்கூடாது. துறைமுகத்தில் பெயர்ப்பட்டியலைக் கொடுத்து, இத்தனை பேருக்கும் நான் பொறுப்பு என்று கையொப்பம் போடுவேன். மூன்றாம் நாள் மாலை ஆறு மணிக்குள் அத்தனை பேரும் கப்பலில் இருக்கவேண்டும். தவறினால் அந்த ஆள் சட்டவிரோதி.

எங்கள் சனத்தை எண்ணி ஏற்றுவது இலேசான வேலையில்லை. எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் இறங்கி சிகரெட் பற்றவைப்பார். அதனால் நான் எண்ணுவதை விட்டுவிட்டுச் சோடி முறைக்கு வந்தேன். முதல் நாளே ஒவ்வொருவருக்கும் ஒரு சோடி. பஸ் புறப்படுமுன் "சோடி இருக்கா?" என்று கேட்பேன். எல்லோரும் தங்கள் சோடியைப் பார்த்து "ஓம்" என்பார்கள். பரம் அண்ணைகூட இந்த முறையை மெச்சினார்.

அந்தப் போட்டோ எடுத்த பயணத்தில் வந்தவர்கள் முப்பத்தொரு பேர். பதினைந்து சோடியும் ஒரு தனி ஆளும். தனி ஆள் ராசமலர். ஹவுன்ஸ்லோவில் இருந்து வந்தவர், வயது ஐம்பதுக்குச் சற்று மேல், விமான நிலையச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் வேலை. சாம்பல் நிறக் கோட்டு. யாரோடும் அதிகம் கதைக்கவில்லை.

"உங்களுக்கு நான்தான் சோடி," என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவரும் சிரித்தார்.

இரண்டாம் நாள் மாலை, ஹோட்டல் வாசலில் என்னிடம் வந்து ஒரு மடித்த தாளை நீட்டினார்.

"அண்ணை, இதிலை என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சுச் சொல்லுங்கோ."

மடிப்பெல்லாம் கிழிந்து, டேப் ஒட்டிய தாள். ரஷ்ய எழுத்து. நகரத்தின் வடக்கு ஓரத்தில் உள்ள பொது மயானம் ஒன்றின் பெயர், பிரிவு, வரிசை, ஒரு எண்.

"ஆர் அம்மா இது?"

"என்ரை தம்பி. கருணன். பத்தொன்பது வயசு."

ஊரிலிருந்து அகதியாக லண்டனுக்கு வரும் வழியில், எல்லை கடத்திவிடும் ஏஜென்ட் அக்காவையும் தம்பியையும் இந்த நகரத்தில் ஒரு வீட்டில் அடைத்து வைத்திருந்தான். இரண்டு அறைக்குள் பதினொரு பேர். தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. டாக்டரைக் கூப்பிட்டால் பொலிஸ் வரும் என்று ஏஜென்ட் மறுத்துவிட்டான். நாலாம் நாள் கருணன் போய்விட்டான்.

"அண்டைக்கே அவனைத் தூக்கிக்கொண்டு போயிட்டாங்கள். எங்களை உடனை வேற இடத்துக்கு ஏத்திப்போட்டாங்கள். எங்கை தாட்டதெண்டே தெரியாது. அந்த வீட்டிலை பிந்தி நிண்ட ஒரு பெடியன்தான் விசாரிச்சு, வருஷக்கணக்காலை, கனடாவிலையிருந்து இதை அனுப்பினவன். அண்ணை, நான் இஞ்சை அரண்மனை பார்க்க வரேல்லை. ஒருக்காப் போட்டு வந்திடுறன்."

தனியே அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை. கூட்டிக்கொண்டு போகலாம். கார் எடுத்தால் போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். மறுநாள் பிற்பகல் நினைவுப்பொருட் கடையில் ஒன்றரை மணி நேர நிறுத்தம் இருந்தது. மரப்பொம்மையும் அம்பர் மாலையும் வாங்க ஒன்றரை மணி நேரம்! அதில் ஒரு மணி நேரம் போதும். பரம் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"சாப்பிட்டியளோ, நவம்?"

சொன்னேன். மறுபக்கத்தில் தாள்களைத் தட்டும் சத்தம் கேட்டது.

"பாவம் அந்தப் பிள்ளை. கேக்கவே நெஞ்சு வெடிக்குது. ஆனா நீங்கள் அங்காலை போனா மற்ற முப்பது பேரை ஆர் பார்க்கிறது? கடையிலை பேசி வாங்கிக் குடுக்கிறது ஆர்?"

"உள்ளூர் வழிகாட்டி வேரா இருக்கிறா. கடை நேரத்திலை ஒரு மணித்தியாலம்…"

"கடை நேரத்திலை கைவைக்க ஏலாது." அத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே நேரான வசனம் அதுதான்; கடை தரும் கமிஷன் அவருக்கு. உடனே குரலை இளக்கிக்கொண்டார். "அப்பிடியெண்டா போற வழியிலை பஸ்ஸை அங்கை நிப்பாட்டுங்கோ. ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ. எல்லாரும் ஓமெண்டா எனக்கென்ன?"

நான் கேட்டேன். அதுதான் நான் செய்த பிழை. அதற்காக என்னை நான் மன்னிக்கத் தயாரில்லை.

மூன்றாம் நாள் காலை, பஸ்ஸில், மைக்கைக் கையில் எடுத்தேன். ராசமலரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அரண்மனைக்கு எத்தனை அறை என்று சொல்லும் அதே குரலில், அவருடைய தம்பியின் கதையை முப்பது பேருக்கும் அறிவித்தேன். பஸ்ஸை ஒரு அரை மணி நேரம் மயானத்தில் நிறுத்தச் சம்மதமா என்று கேட்டேன்.

முன் இருக்கையில் இருந்தவர் லண்டனில் ஒரு கோயில் கமிட்டியில் இருப்பவர். அவர்தான் தொண்டையைச் செருமினார்.

"பாவம்தான் தம்பி. ஆனா சுடலைக்குப் போட்டு இதே பஸ்ஸிலையெல்லோ ஏறவேணும்? துடக்கு. அந்தத் தீட்டோடை குளிக்காமல் எப்பிடிச் சாப்பிடுறது?"

"நான் விரதம்," என்றார் ஒரு அம்மா. "ஞாயிற்றுக்கிழமை எங்கட கோயில் கொடியேத்தம்."

பின்னாலிருந்து இன்னொரு குரல்: "பொம்பிளையள் சுடலைக்குப் போறதில்லையே. அந்த நாளையிலையிருந்து வழக்கம் அப்பிடி."

செத்த பெடியனின் பெயர் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. அகதியாக வந்த வழியை மறந்துபோனவர்களும் அந்த பஸ்ஸில் இல்லை. பாதிப்பேர் அதே மாதிரி வீடுகளில், அதே மாதிரி ஏஜென்ட்டுகளிடம் அடைபட்டுக் கிடந்து வந்தவர்கள்தான். அதுதான் எனக்கு ஆறவேயில்லை.

ராசமலரின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "விடுங்கோ அண்ணை," என்றார். "நான் கேக்கேல்லையெண்டு நினையுங்கோ."

அரை மணி நேரத்தில் கோட்டைத் தேவாலயத்துக்குள் நின்றோம். வெள்ளைப் பளிங்குப் பெட்டிகள் வரிசை வரிசையாக, ஒவ்வொன்றின் மேலும் பொன் சிலுவை. அத்தனையும் பிரேதக்குழிகள். அதைத்தான் நான் மைக்கில் விளக்கிக்கொண்டிருந்தேன். இவர் இன்னார், இவருடைய மகன் இன்னார், இவர் இப்படிச் செத்தார், அவர் அப்படிக் கொல்லப்பட்டார். கமிட்டிக்காரர் மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து கம்பி வேலியில் சாய்ந்துகொண்டார்.

"தம்பி, இதிலை ஆர் பெரிய ராசா? அவரோடை ஒண்டு எடுத்துவிடுங்கோ."

எடுத்துவிட்டேன். இந்தக் கைதான். விரதக்கார அம்மா அடுத்த பெட்டியில் கைவைத்து, "நல்ல குளிர்மையாக் கிடக்கு," என்றார். பிறகு எல்லோரும் போய் மூன்று வகை மீனோடு மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார்கள். விரதக்கார அம்மா மரக்கறி. யாரும் குளிக்கவில்லை.

எனக்கு இதை விளங்கப்படுத்த இன்றுவரை ஒருவரும் இல்லை. எந்த நாட்டு ராசாவோ செத்துக் கிடக்கும் இடத்தில் சிரித்துக்கொண்டு நிற்கலாம். எங்கள் பெடியன் ஒருவன் டாக்டரைக் காணாமல் செத்துக் கிடக்கும் இடத்துக்கு பஸ் போனால் துடக்கு! தங்கச் சிலுவை இருந்தால் பிணமும் சுத்தமாகிவிடும்போல. அந்த நேரமே மைக்கில் இதைச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன்.

கடை நிறுத்தம் முடிந்தது. பைகளோடு ஏறினார்கள். "சோடி இருக்கா?" என்று கேட்டேன். "ஓம்" என்று பதினைந்து சோடியும் கத்தியது. கதவைச் சாத்தச் சொன்னேன். இரண்டாவது சிக்னல் விளக்கில் வேரா என் தோளைத் தொட்டாள்.

"அந்தச் சாம்பல் கோட்டுக்காரப் பெண் எங்கே?"

அவருக்குச் சோடி நான். புறப்படுமுன் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மணி நான்காகப் போகிறது. பஸ்ஸுக்குள் எழுந்த சத்தம் எழுதத் தரமில்லாதது. பரம் அண்ணை போனில், இந்த முறை சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "உடனை பொலிசுக்கு அறிவியுங்கோ. அவ தன்ரை பாட்டிலை போனவ, எங்களுக்குத் தொடர்பில்லை எண்டு எழுதிக் குடுங்கோ. நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கக்கூடாது."

பஸ்ஸை வேராவிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கினேன். டாக்ஸிக்காரனிடம் மயானத்தின் பெயரைச் சொன்னேன்.

அவர் மயானக் கந்தோருக்குள் நின்றுகொண்டிருந்தார். அந்தத் தாளைத் தெருவில் போனவர்களிடம் காட்டிக் காட்டியே மெட்ரோவும் பஸ்ஸும் மாறி வந்து சேர்ந்திருக்கிறார். பதிவேட்டுக்குப் பொறுப்பான அம்மாள் என்னவோ கேட்க, இவர் "கருணன், கருணன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "ஏசாதேங்கோ அண்ணை," என்றார்.

பதிவேட்டைப் புரட்டினோம். எண் இருந்தது. பெயர் எழுதும் இடத்தில் "அடையாளம் தெரியாத ஆண்" என்றிருந்தது. அதை நான் தமிழில் சொன்னேன்.

"அடையாளம் தெரியாதோ?" ராசமலர் மேசையில் ஓங்கி அறைந்தார். "பக்கத்து அறைக்குள்ளை நானெல்லோ இருந்தனான்! ஒருத்தன் கதவைத் திறந்து கேட்டவனோ?"

அந்த அம்மாளுக்கு மொழி புரியவில்லை. கோபம் புரிந்தது. பேனாவை எடுத்துப் பெயரை எழுதிக்கொண்டார். பிறகு என்னிடம், இந்தக் குழிக்குப் பொறுப்பாளர் என்று யாருமில்லை, கவனிப்பாரில்லாத குழிகளை ஒருகாலத்தில் வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்கள், இங்கே மொழி தெரிந்த ஒருவர் கையொப்பம் போட்டால் நல்லது என்றார். போட்டேன். துறைமுகத்தில் முப்பத்தொரு பேருக்குப் போட்ட அதே கையொப்பம். நோர்பரி முகவரி.

குழி என்று சொல்ல ஒன்றுமில்லை. முழங்கால் உயரப் புல். துருப்பிடித்த கம்பியில் ஒரு எண். ராசமலர் அழவில்லை. குனிந்து நின்று ஏசினார்.

"காய்ச்சல் குறைஞ்சிட்டுதெண்டு ஏன்ரா பொய் சொன்னனி? உன்னை விட்டிட்டுப் போடுவாங்கள் எண்டு பயந்தனியோ? நான் விட்டிட்டுப் போவனோடா? சொல்லு! சொல்லியிருக்கலாமெல்லோ!"

இருபது நிமிடம். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதைப் பார்க்கவேண்டியிருந்ததே என்று எனக்கு என்மேல் வெறுப்பாக இருந்தது.

ஆறுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது கப்பலில் ஏறினோம். படியின் மேலே கமிட்டிக்காரர்.

"அவவைக் குளிச்சிட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வரச் சொல்லுங்கோ."

"காலமை ராசாவோடை போட்டோ எடுத்தனீங்களே, நீங்கள் குளிச்சனீங்களோ?" என்றேன். லண்டன் வந்ததும் முதல் வேலையாகப் பரம் அண்ணையிடம் முறைப்பாடு கொடுத்தது அவர்தான்.

இரவுச் சாப்பாட்டுக்கு ராசமலர் தலைமுழுகி, ஈரத் தலையோடு வந்தார். எனக்குச் சினம் பொத்துக்கொண்டு வந்தது. "அவையள் சொன்னதுக்காக ஏன் முழுகினனீங்கள்?" என்று கேட்டேன்.

"அவையளுக்காக இல்லை அண்ணை. அவன்ரை துடக்கு என்ரைதானே? அவன் செத்ததுக்கு நான் இண்டைக்குத்தான் முழுகினனான்."

நடு மேசையில் இருந்து வயிறாரச் சாப்பிட்டார். நான் அவருக்கு எதிரே இருந்தேன்.

பரம் அண்ணை என்னை வேலையால் நிறுத்தவில்லை. தாள்களை நேராக்கினார். "நீங்கள் செய்தது மனுசத்தனம் நவம். ஆனா வாடிக்கையாளர்மார் விரும்புகினம் இல்லை," என்றார். அதன்பிறகு ஓய்வு பெறும்வரை விண்ட்சர் கோட்டைக்கும், வெட்டவெளியில் பழங்காலத்துப் பெருங்கற்களை நட்டு வைத்திருக்கும் இடத்துக்கும் பகல்நேரப் பயணம் கொண்டுபோனேன். ரஷ்ய மொழி வாயிலேயே பூசணம் பிடித்தது.

குழியை வேராதான் பார்த்துக்கொண்டாள். கருணனின் பெயரைத் தமிழிலும் ரஷ்ய மொழியிலும் எழுதிய தகடு ஒன்று வைத்து, வருடத்துக்கு ஒருமுறை புல் வெட்டிப் படம் அனுப்புவாள். நான் அதை ஹவுன்ஸ்லோவுக்கு, ராசமலருக்கு அனுப்புவேன். போர் தொடங்கியபின் இரண்டு படம் வந்தது. பிறகு வேராவின் போன் அடிப்பதில்லை. என் கையொப்பத்தில் ஒருவன் அங்கே கிடக்கிறான். எனக்கு இந்த இருதயத்தோடு இனிப் போக ஏலாது. ராசமலருக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது.

அதனால் ஆரணி கேட்டதற்குச் சம்மதித்தேன். பன்னிரண்டு நிறுத்தங்களையும் ஒன்றும் குறைக்காமல் பேசிப் பதிந்தேன். பதின்மூன்றாவதாக ஒன்று சேர்த்தேன். எந்த மெட்ரோவில் ஏறுவது, எங்கே பஸ் மாறுவது, எந்த வாசல், எத்தனையாவது வரிசை, என்ன எண், கிடப்பவனின் பெயர் என்ன. பாதை திறக்கும் நாளில், கேட்டவர்களில் ஒருவராவது போய்ப் புல் வெட்டட்டும் என்று.

நேற்று ஆரணி கூப்பிட்டாள்.

"அங்கிள், சூப்பர். ஆனா அந்தக் கடைசித் துண்டு, சுடலைத் துண்டு, அதைக் கட் பண்ணச் சொல்லி அப்பா சொல்றார். படம் பார்க்க வாற ஆக்கள் ஒரு மாதிரி நினைப்பினமாம். எல்லாரும் ஓமெண்டா தனக்கு ஒண்டுமில்லையாம்."

"கட் பண்ணு பிள்ளை," என்றேன். "முதல் கோட்டைக்குள்ளை கிடக்கிற ராசாக்கள் எல்லாரையும் கட் பண்ணு. ஒருத்தரையும் மிச்சம் விடாதை. பிறகு கருணனைக் கட் பண்ணு."